எதிரே வந்தால் வலப்பக்கம்

என் கணவர் கடல் வேலையை விட்டுக் கரையேறிய மறுநாள் காலையில், குசினி வாசலில் வந்து நின்று கையை நீட்டினார். காபி கேட்கிறார் என்று நினைத்தேன். கார் சாவியைக் கேட்டார்.

"இனிமே நீ அலையாண்டாம்ளா. நானே கொண்டு விடுதேன், நானே கூட்டிட்டு வாரேன்."

கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அடுத்த வீட்டு அக்காவுக்குக் கலங்கவே செய்தது. "கொடுத்து வச்சவ" என்றாள். நான் சாவி தொங்கிய ஆணியை மறைத்து நின்றேன்.

அவர் சரக்குக் கப்பல் கேப்டன். நான் ஏரல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் முக்காணி வரை போய், அங்கிருந்து ஆற்றோரமாக ஏரலுக்குத் திரும்ப வேண்டும். அவர் ஏதோ ஒரு சமுத்திரத்தில் இருந்த காலத்தில் நானாகவே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, நானாகவே லைசென்ஸ் எடுத்து, என் சம்பளத்தில் இந்தச் சின்னக் காரை வாங்கினேன். அன்றிலிருந்து போக வர நான்தான் ஓட்டுகிறேன். லீவில் வரும்போது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு மட்டும் அவர் ஓட்டுவார். நல்ல வெயிலில், காலி ரோட்டில், வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையில் இரண்டே திருப்பம்.

காருக்குள் இருக்கும் நேரத்தில் என்னிடம் யாரும் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்க முடியாது. அங்கே நான் டீச்சரும் இல்லை, மருமகளும் இல்லை. பழைய பாட்டுகளை ராகம் கெட்டுப் போகிற அளவுக்குச் சத்தமாகப் பாடுவேன். கழுத்துச் சங்கிலியைக் கேட்டிருந்தால்கூடக் கழற்றிக் கொடுத்திருப்பேன். அந்த டிரைவர் சீட்டைக் கொடுக்க எனக்கு மனசே இல்லை.

ஆனால் எப்படி மாட்டேன் என்று சொல்வது? தெருவையே அடைக்கிற அளவு நீளமான கப்பலை உலகம் முழுக்க ஓட்டியவரிடம், பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூச்சுமுட்டும் காரைத் தர மாட்டேன் என்றால் ஊர் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கும். கொடுத்தேன்.

முதல் நாள் வீட்டு வாசலில் இருந்து தெருமுனைக்குப் போவதற்குள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்திருக்கும். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டுமோ அத்தனையும் பார்த்தார். நாலு டயரையும் குனிந்து தடவினார். வைப்பரைத் தூக்கி ரப்பரை நீவினார். முன் லைட், பின் லைட், பிரேக் லைட் எல்லாம் எரிகிறதா என்று என்னைப் பின்னால் நிறுத்திக் கத்தச் சொன்னார். பின் பக்க இடது டயர் வழுக்கையாகிவிட்டது என்று கண்டுபிடித்து அன்றைக்கே மாற்றியும் கொடுத்தார். இதில் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த டயரோடு நான் ஒரு மழைக்காலத்தையே ஓட்டியிருக்கிறேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

கிளம்பிய பிறகுதான் எனக்கு உத்தியோகம் கொடுத்தார்.

"நீதான் லுக்-அவுட். என்ன தெரியுதோ அத உடனே சொல்லணும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எந்தத் திசையில போவுதுன்னு."

"ஆடு" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"தூரம்?"

அதற்குள் ஆடு ரோட்டைக் கடந்து, குட்டியையும் கூட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்து வேலிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இருந்தாலும் அவர் தூரத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த கியரைப் போட்டார்.

கடலில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறதாம். இரண்டு கப்பல் சந்தித்தால் யார் வழிவிட வேண்டும், யார் தன் போக்கில் போகலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். அதே முறையைத் திருச்செந்தூர் ரோட்டில் தேடினார். முத்தையாபுரம் தாண்டி ஒரு குறுக்குத் தெருவிலிருந்து தண்ணீர்க் குடங்கள் கட்டிய சைக்கிள் ஒன்று எங்கள் முன்னால் நுழைந்தது. ஓட்டியவர் இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

"இவன்தான நமக்கு வழி விடணும்?" என்றார், மெய்யாகவே புண்பட்டு.

"அவர்ட்ட நீங்களே கேளுங்க" என்றேன்.

எங்கள் ரோட்டுக்கு வேறு பாஷை. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அடிபட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எதிரே வருகிறவன் லைட்டை அடித்து அணைத்தால், நீ போ என்று சொல்கிறான் என நினைத்து ஏமாறக் கூடாது. நான் நிற்கப் போவதில்லை, பிழைத்துக்கொள் என்று அர்த்தம். ஷேர் ஆட்டோவுக்கு ஸ்டாப் கிடையாது. ஓரத்தில் நிற்பவன் தலையைச் சொறியக் கையைத் தூக்கினாலும் நின்றுவிடும், பின்னால் வருகிறவன் தன் பிரேக்கைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியது. பைக்கில் கண்ணாடி இருப்பது தலை வாருவதற்கு. ஆகவே கண்ணாடியைப் பார்த்துப் பயனில்லை, ஓட்டுகிறவன் கழுத்தைப் பார்க்க வேண்டும். கழுத்து லேசாகச் சாய்ந்தால் வண்டியும் சாயப்போகிறது.

இதில் எல்லாவற்றிலும் பெரிய படிப்பு, முன்னால் போகும் லாரியின் வலப்பக்க இண்டிகேட்டர். நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன் என்பதற்கும் அதைத்தான் போடுவார்கள், ரோடு காலியாக இருக்கிறது, என்னை முந்திக்கொண்டு போ என்பதற்கும் அதைத்தான் போடுவார்கள். இரண்டுக்கும் ஒரே விளக்கு. தப்பாகப் படித்தால் அடுத்த வகுப்புக்குப் போக முடியாது.

"இவன் என்ன சொல்லுதான்?" என்று முள்ளக்காட்டுக்கு அருகில் ஒரு உப்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே கேட்டார்.

"வலப்பக்கம் உப்பளத்துக்குப் போற பாதை இருக்கான்னு பாருங்க. இருந்தா திரும்பப் போறான். இல்லன்னா உங்களைப் போகச் சொல்லுதான். எதுக்கும் அவன் முன் டயரைப் பாருங்க, அது பொய் சொல்லாது."

"இதெல்லாம் எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றார்.

அவருக்கு நன்றாக வந்தது ஒன்றே ஒன்று. திருச்செந்தூருக்கு நடந்து போகிற பச்சை வேட்டிக் கூட்டத்தைக் கண்டால் மட்டும் நானே வியக்கும்படி வேகத்தைக் குறைப்பார். சரளைக்கல் வெறுங்காலில் குத்தும் என்பதால் அவர்கள் தார் ரோட்டின் மேல்தான் நடப்பார்கள். நான் ஹாரன் அடிக்க மாட்டேன், திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் குதிப்பார் என்று சாமிக்குத்தான் தெரியும். அவரும் அடிக்கவில்லை. சின்னப் படகுகளுக்கு நடுவே போகிற பழக்கம் என்றார். சரி, எதற்கோ உதவியது.

இப்படியே புரட்டாசி போய், ஐப்பசி வந்து, வாடைக்காற்றோடு மழையும் வந்தது. அன்று காலை வானம் தரையைத் தொட்டுக்கொண்டு இருந்தது. பள்ளிக்கு லீவு உண்டா இல்லையா என்று ஆறு மணியிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. கிளம்பினோம். பழையகாயலை நெருங்கும்போது எங்கள் தலைமையாசிரியையிடமிருந்து செய்தி வந்தது, இன்று விடுமுறை, யாரும் வர வேண்டாம், பத்திரமாக வீட்டில் இருங்கள் என்று. நாங்கள் பத்திரமாக நடு ரோட்டில் இருந்தோம்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது மழை வலுத்துவிட்டது. வைப்பர் ஒரு பக்கம் தள்ளினால் மறு பக்கம் நிறைந்தது. எதிரே வருகிற எல்லா வண்டியும் நாலு பக்க இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மினுக்கியது. மழை பெய்தால் அப்படிப் போட வேண்டும் என்று யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. யார் திரும்புகிறான், யார் நேரே போகிறான், யார் நின்றுவிட்டான் என்று ஒன்றும் விளங்காது. கல்யாண வீட்டுச் சீரியல் லைட் மாதிரி ரோடே ஜொலித்தது.

"அந்த டீக்கடைல ஓரமா நிப்பாட்டுங்க. மழை கொஞ்சம் வெறிக்கட்டும், பெறவு போவோம்."

"கப்பல் மழைக்கு நிக்காதுளா."

சொல்லிவிட்டு ஹாரனை நீளமாக அழுத்தினார். சும்மா இல்லை, மூச்சுப் பிடித்துச் சங்கு ஊதுகிற நீளம். நான் பதறிப்போய் என்ன, என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம். கண் தெரியாத மழையிலும் மூடுபனியிலும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் இப்படி ஊத வேண்டுமாம், நான் இங்கே இருக்கிறேன் என்று மற்ற கப்பல்களுக்குத் தெரிய. கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் ஊதினார். பின்னால் வந்த வேன்காரர், இவர் வழி கேட்கிறாரா, வழி விடுகிறாரா, வைகிறாரா என்று புரியாமல் முதலில் ஒதுங்கி, பிறகு நெருங்கி, கடைசியில் அவரும் ஒரு நீள ஹாரன் அடித்தார். என் கணவருக்குத் திருப்தி. "பாத்தியா, பதில் சொல்லுதான்" என்றார்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், வேகமாகப் போகவில்லை. சைக்கிள்காரர்கூட முந்திப் போகிற வேகம்தான். நான் இதை உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணமே அந்த வேகம்தான் என்று நினைக்கிறேன்.

உப்பளங்கள் இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கிற இடம். எதிர்ப்பக்கத்தில் ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து இரண்டு பெரிய லைட் திடீரென்று எங்கள் பக்கத்துக்கு வந்தன. தார்ப்பாய் போட்ட உப்பு லாரி. டிராக்டரை முந்துவதற்கு இந்த மழையையும் இந்த இடத்தையும் தேர்ந்தெடுத்திருந்தான்.

"இடப்பக்கம்! ஓரத்துல இறக்குங்க!" என்று கத்தினேன்.

அவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார்.

தெரியாமல் நடந்ததல்ல. பதறியும் நடக்கவில்லை. மிகத் தெளிவாக, நிதானமாக, முழு நம்பிக்கையோடு வலப்பக்கம் ஒடித்தார். நான் என் சீட்டிலிருந்து பாய்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். சீட் பெல்ட் தோளை அறுத்தது. அவர் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். கார் தாரை விட்டு வழுக்கி, சகதியில் இறங்கி, பனையோலை போட்டு மூடியிருந்த ஒரு உப்புக் குவியலில் மூக்கை வைத்து நின்றது. லாரி எங்கள் வலப்பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு, முன்கண்ணாடி முழுக்கச் சேற்றுத் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. நின்று பார்க்கக்கூட இல்லை.

வண்டி நின்ற பிறகும் என் கை ஸ்டியரிங்கை விடவில்லை. அவர் கையும் விடவில்லை. நாலு கையும் அங்கேயே இருந்தன.

டிராக்டர்காரர்தான் நிறுத்தி இறங்கி, தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். உப்பளத்துக் கொட்டகையில் ஒதுங்கி நின்றிருந்த இரண்டு பேரும் வந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகு, டிராக்டர்காரர் மனசு கேட்காமல் கேட்டார்.

"அவன் மேல வாரான்னு தெரியுது அண்ணாச்சி. நீங்க ஏன் வலப்பக்கம் ஒடிச்சீய?"

"ரெண்டு பேரும் வலப்பக்கம் ஒடிச்சா இடிக்காதுல்லா" என்றார் என் கணவர்.

"எங்கன?"

"கடல்ல."

கடலில் அப்படித்தானாம். நேருக்கு நேர் வந்தால் இரண்டு கப்பலும் தத்தம் வலப்பக்கம் திரும்பி, இடது தோள் உரசாமல் விலகிப் போக வேண்டும். வாலிப வயசிலிருந்து அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே பதில் அது. இடப்பக்கம் ஒதுங்கும் எங்கள் ஊர் ரோடு அந்தக் கைக்குத் தெரியாது. நேரே எதிரில் லாரி வந்ததும் கை தன் பழைய உத்தியோகத்துக்குப் போய்விட்டது.

டிராக்டர்காரர் உப்பளத்தில் நிரம்பிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். "இது ரோடு அண்ணாச்சி" என்றார், மிகவும் அன்பாக.

வேறு நேரமாக இருந்தால் நான் அதை ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து காரை ரோட்டுக்குத் தள்ளிவிட்டுப் போன பிறகும், என் கணவர் உள்ளே ஏறாமல் மழையில் நின்றார். கார் மூக்கில் ஒட்டியிருந்த உப்பைக் கையால் வழித்தார்.

"அங்க எதிர வாரது ஒரு மணி நேரத்துக்கு முன்னாலயே தெரியும்ளா. டீ குடிச்சிட்டு யோசிச்சு, நாலு பேர்ட்ட கேட்டுத் திருப்பலாம். இங்க..." என்று நிறுத்தினார்.

பிறகு கேட்டார்: "இத்தன வருசமும் நீ இந்த ரோட்டுலயா ஒத்தையில போன?"

"பெறவு? பறந்தா போனேன்?"

"மழையிலயும்?"

"மழைக்குன்னு தனி ரோடு போட்டுத் தரலியே."

"பயமா இருக்கலியா?"

"இருந்துச்சு. தெனமும்."

"ஒருநாளும் சொல்லலியே."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. லாரிக்காரன் மீது வராத கோபம், ஸ்டியரிங்கை ஒடித்தபோது வராத கோபம். அவர் கடலில் இருந்த அத்தனை வருடமும் அவர் தாயார் ஜெபமாலை முடிந்ததும் கடலில் இருக்கிறவர்களுக்காக என்று தனியாக ஒரு மன்றாட்டு வைப்பார். நானும் முட்டுப்போட்டு ஆமென் சொல்வேன். காலையில் நான் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் கிளம்பும்போது, அதே வாயால், "வரும்போது தேங்காய் வாங்கிட்டு வா" என்பார். ரோட்டில் போகிறவளுக்கு மன்றாட்டு எதற்கு? அவள் என்ன கடலிலா போகிறாள்?

"போன் பண்ணும்போதெல்லாம் இங்க கடல் ரொம்ப மோசம்னு நீங்க சொல்லுவீய. பத்திரமா இருங்கன்னு நான் சொல்லுவேன். பெறவு நான் இங்க நல்ல மழைன்னு சொன்னா, நீங்க என்ன சொல்லுவீயன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் இல்லை.

"காரைப் பாத்துக்கோன்னு சொல்லுவீய."

அவர் காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். சீட் அவர் காலுக்காகப் பின்னால் தள்ளிக் கிடந்தது, முன்னால் இழுத்துக்கொண்டேன். முன்னால் போகிற வண்டிக்கு இரண்டு மடங்கு இடம் விட்டு, தேங்கிக் கிடக்கிற தண்ணீரில் இறங்காமல், மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். வழி நெடுக எனக்கு அழுகை. அவருக்குத் தெரிந்திருக்கும். லுக்-அவுட் வேலை இப்போது அவருடையதுதானே.

இரண்டு நாள் கழித்துப் பள்ளி திறந்தது. மழை விட்டபாடில்லை. காலையில் அவரே டயரைத் தடவி, லைட்டைப் போட்டுப் பார்த்து, மடங்கிய கண்ணாடியைத் துடைத்து நிமிர்த்தி வைத்திருந்தார். பிறகு சாவியை என் கைப்பையின் மேல் வைத்தார். மேடைப் பேச்சு எதுவும் இல்லை. நான் வண்டியை எடுக்கும்போது குடையோடு குனிந்து, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார்.

பண்ணவில்லை. வேண்டுமென்றே பண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன். பாதிதான் வேண்டுமென்று. நனைந்த பிள்ளைகளைத் துடைத்து உட்கார வைப்பதற்குள் மணி அடித்துவிட்டது, போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. முதல் பீரியட் முடிந்து எடுத்துப் பார்த்தால் திரை முழுக்க அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த அடையாளம். வராந்தாவில் நின்று திருப்பி அழைத்தேன். போன் மணி அடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்.

"சேந்துட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் அடைத்து வைத்திருந்த மூச்சு ஒன்று மெதுவாக வெளியே வருவது மட்டும் கேட்டது. கப்பல் துறை சேர்ந்தது என்று செய்தி வரும் ஒவ்வொரு தடவையும் நான் விட்டிருக்கிற மூச்சு அது. என்னுடையதேதான் என்று அடையாளம் கண்டுபிடிக்க எனக்கு நேரம் ஆகவில்லை.